எண்பத்தெட்டு எங்கிருந்து வந்தது? கணக்குப் பாடம் எல்லாக் குழந்தைகளுக்கும் எட்டுவதற்கு ஓர் எளிய விளக்கம்

சேலத்தில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் அடிக்கடி கொடுக்கும் கணக்கு ஒன்று உண்டு. "ஒரு ஜோடிக் கொலுசின் எடை 96 கிராம். அதில் கோத்துள்ள மணிகளின் எடை 18 கிராம். மணிகள் நீங்கலாகக் கொலுசின் எடை என்ன?" செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறைகளைப் பார்த்து வளரும் பிள்ளைகளுக்குக் கொலுசும் கிராமும் புதியவை அல்ல. விடை 78. ஆனால் திருத்த உட்காரும்போது 78 மட்டும் வருவதில்லை. இரண்டு நோட்டுகளில் 88 இருக்கும். ஒன்றில் 82, ஒன்றில் 51, இன்னொன்றில் 114. ஒரு நோட்டில் கேள்வியின் பாதி மட்டும் எழுதப்பட்டு, விடைக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிவப்புக் கோடு போட்டுவிட்டு அடுத்த நோட்டை எடுப்பது எளிது. பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் செய்தேன்.

இந்த விடைகள் எவையும் தற்செயலாக வந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு வழியில் நடந்து வந்திருக்கிறது. அந்த வழியில் ஏதோ ஓரிடத்தில் குழந்தையின் கால் தடுக்கியிருக்கிறது. தடுக்கிய இடம் கணக்கிலேயே இருக்கலாம். கணக்குக்குத் தொடர்பே இல்லாத வேறொன்றாகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வதுதான், பலவகைக் கற்றல் தேவைகள் உள்ள குழந்தைகளுக்கும் எட்டும்படி கணிதப் பாடத்தை அமைப்பதில் முதல் வேலை. ஆசிரியப் பணிக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், மாலை வேளைகளில் பிள்ளையோடு உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோருக்கும் இதை முடிந்தவரை எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

கணக்கு எது, அதன் மேல் ஏறியுள்ள சுமை எது

கொலுசுக் கணக்கைச் செய்து முடிக்க ஒரு குழந்தை என்னென்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். கரும்பலகையில் எழுதியது அதன் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அல்லது ஆசிரியர் வாசிப்பது காதில் விழ வேண்டும். மூன்று வாக்கியங்களைப் படித்துப் பொருள் கொள்ள வேண்டும். 'நீங்கலாக' என்ற சொல் கழிக்கச் சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இரண்டு எண்களையும் மறந்துவிடாமல் நோட்டில் எழுத வேண்டும். ஒன்றுகளின் கீழ் ஒன்றுகளும் பத்துகளின் கீழ் பத்துகளும் வரும்படி எழுத வேண்டும். கடன் வாங்கியதை நினைவில் வைத்திருக்க வேண்டும். பக்கத்து வகுப்பின் இரைச்சலையும், முதலில் முடித்துவிட்ட பிள்ளையின் "முடிச்சுட்டேன் டீச்சர்" என்ற குரலையும் தாண்டி இத்தனையையும் செய்ய வேண்டும். இவற்றில் கணிதம் என்று சொல்லத்தக்கவை இரண்டே: முழுமையிலிருந்து ஒரு பகுதியை எடுத்தால் எஞ்சுவது என்ன என்ற எண்ணமும், பத்தை ஒன்றுகளாக உடைக்கலாம் என்ற அறிவும். மற்றவை எல்லாம் அந்தக் கணிதத்தை அடையக் குழந்தை ஏற வேண்டிய படிகள். படிகள் தேவைதான்; ஆனால் எல்லாக் குழந்தைகளும் அதே படிகளில்தான் ஏற வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் கணிதத்தில் இல்லை.

கட்டடக் கலையிலிருந்து வந்த எண்ணம் இது. ரொனால்ட் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சிறு வயதில் போலியோவால் பாதிக்கப்பட்டு, சக்கர நாற்காலியைப் பயன்படுத்தியவர். கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு சிலருக்காக ஒரு சாய்தளத்தை ஒட்டவைப்பதைவிட, தொடக்கத்திலேயே எல்லோரும் நுழையக்கூடியதாக அதை வரைய வேண்டும் என்று அவர் வாதாடினார். அந்தச் சாய்தளத்தில் சக்கர நாற்காலி மட்டும் ஏறுவதில்லை. கைக்குழந்தையோடு வரும் தாயும், மூட்டை சுமப்பவரும், முழங்கால் வலிக்கும் பாட்டியும் ஏறுகிறார்கள். 1984இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் தொடங்கிய காஸ்ட் என்ற நிறுவனம் இதே எண்ணத்தைப் பாடத்துக்குக் கொண்டுவந்தது. குழந்தை பாடத்தைப் பெறும் வழி, அறிந்ததை வெளிக்காட்டும் வழி, பாடத்தில் மனம் ஊன்றும் வழி ஆகிய மூன்றிலும் ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்களைத் திறந்து வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இங்கே ஒரு தவறான புரிதலைத் தொடக்கத்திலேயே விலக்கிவிட வேண்டும். பாடத்தை எட்டச் செய்வது என்றால் கணக்கை எளிதாக்கிக் கொடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். 96க்குப் பதில் 9, 18க்குப் பதில் 1 என்று மாற்றிக் கொடுத்து, "இவனுக்கு இது போதும்" என்று நகர்ந்துவிடுகிறார்கள். சில நேரங்களில் சிறிய எண்ணிலிருந்து தொடங்குவது சரியான முடிவே. ஆனால் கேள்வியைப் படிக்க முடியாத குழந்தையின் கணக்கைச் சிறியதாக்கினால், அதன் படிக்கும் சிரமம் அப்படியே இருக்க, கணக்கு மட்டும் அதனிடமிருந்து பறிபோகிறது. குறைக்க வேண்டியது சுமையை; கணக்கை அல்ல.

இரண்டு எண்பத்தெட்டுகள்

நோட்டுகளுக்குத் திரும்புவோம். முதல் 88 எழுதிய சிறுவன், 6இலிருந்து 8 போகாது என்பதைச் சரியாகக் கண்டு, பத்தைக் கடன் வாங்கி 16 ஆக்கினான்; 16இல் 8 போக 8. பிறகு பத்துகளின் இடத்துக்கு வந்தபோது, 9இலிருந்து ஒன்றைக் கொடுத்துவிட்டதை மறந்து, 9இல் 1 போக 8 என்று எழுதிவிட்டான். கழித்தல் அவனுக்குப் புரியும். ஒரு வேலையைச் செய்துகொண்டே இன்னொரு செய்தியை மனத்தில் தாங்கி வைத்திருப்பதுதான் அவனுக்குக் கடினம். அவனுக்கு வேண்டியது கட்டம் போட்ட நோட்டும், கடன் கொடுத்த 9ஐ உடனே அடித்து மேலே 8 என்று எழுதும் பழக்கமும். மனத்தின் சுமையைத் தாளில் இறக்கி வைத்துவிட்டால், கணக்கு அவன் கைக்கு வந்துவிடும்.

இரண்டாவது 88 வேறு கதை. அந்தச் சிறுமியால் பலகையைத் தெளிவாகப் பார்க்க முடியாததால், நான் வாசித்ததைக் கேட்டு எழுதினாள். அவள் நோட்டில் இருந்தது 106. நூற்றாறிலிருந்து 18ஐ ஒரு பிழையும் இல்லாமல் கழித்து 88 என்று எழுதியிருந்தாள். நான் சொன்னது 'தொண்ணூற்றாறு'. அவள் காதில் உறைத்தது 'நூற்றாறு'.

இது தமிழில் கணக்குக் கற்கும் குழந்தைகளுக்கே உரிய சிக்கல் என்பதால் இங்கே சற்று நிற்க விரும்புகிறேன். எண்ணுப் பெயர்களில் தமிழ் பெரும்பாலும் குழந்தைக்கு உதவுகிறது. 'இருபத்தொன்று' என்னும்போது இருபது முன்னும் ஒன்று பின்னும் வருகின்றன. எழுதும் வரிசையும் அதுவே. 'பதினொன்று' என்ற சொல்லுக்குள்ளேயே பத்தும் ஒன்றும் இருக்கின்றன. ஆனால் ஒன்பதின் குடும்பத்துக்கு வந்தவுடன் வழி மாறுகிறது. இருபது முதல் எண்பது வரை எல்லாம் 'பது' என்று முடிய, அடுத்து வருவது 'நூறு' என்று முடியும் தொண்ணூறு. இருநூறு முதல் எண்ணூறு வரை எல்லாம் 'நூறு' என்று முடிய, அடுத்து வருவது 'ஆயிரம்' என்று முடியும் தொள்ளாயிரம். 'பது' என்று முடியும் ஒன்பதோ பத்துகளில் சேராமல் ஒன்றுகளில் இருக்கிறது. ஓசையை நம்பி நடக்கும் குழந்தை, ஒவ்வொரு முறையும் ஓர் இடம் தள்ளிப் போய் நிற்பதில் வியப்பில்லை. தொண்ணூறும் எண்ணூறும் காதுக்கு எவ்வளவு நெருக்கமானவை என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். காது சற்று மந்தமான குழந்தைக்கும், டிஸ்லெக்சியா எனப்படும் படித்தல் குறைபாட்டால் ஓசைகளைப் பிரித்தறிவதில் சிரமப்படும் குழந்தைக்கும், தமிழைப் புதிதாகக் கற்கும் குழந்தைக்கும் இந்தத் தடுக்கல் இரட்டிப்பாகிறது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சில வாரங்களுக்கு 96 என்பதை "ஒன்பது பத்து, ஆறு, தொண்ணூற்றாறு" என்று இரண்டு விதமாகவும் சொல்லுங்கள். சொல்லும்போதே பத்துக் குச்சிகள் கொண்ட ஒன்பது கட்டுகளையும் ஆறு தனிக் குச்சிகளையும் மேசையில் வையுங்கள். எண்ணை எழுதிய அட்டையையும் காட்டுங்கள். வகுப்பில் ஒரு சிறுமிக்காகச் செய்ததில், பிழை என்றே அதுவரை என் கண்ணில் படாத இன்னும் பலரின் தயக்கமும் கரைந்தது.

முட்டை அட்டையும் புளியங்கொட்டையும்

82 எழுதிய குழந்தை, மேலே 6 இருப்பதையும் கீழே 8 இருப்பதையும் பார்த்து, பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 2 என்று எழுதியது. பிறகு 9இல் 1 போக 8. அதற்கு 96 என்பது ஓர் எண் அல்ல. பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு தனி எண்கள். இது கணிதத்திலேயே உள்ள இடைவெளி. இதை "மறுபடியும் கவனமாகச் செய்" என்று சொல்லி நிரப்ப முடியாது.

ஜெரோம் புரூனர் என்ற உளவியலாளர் 1960களில் சொன்ன ஒரு கருத்து இங்கே கைகொடுக்கிறது. அறிவை மனிதர்கள் மூன்று விதமாகப் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள் என்றார் அவர்: செய்கையாக, படமாக, குறியீடாக. சிங்கப்பூரின் கணிதப் பாடத்திட்டம் இந்த வரிசையைத் தன் முதுகெலும்பாகக் கொண்டது. முதலில் கை, அடுத்து கண், பிறகே எழுத்து. நம் வகுப்புகளில் முதல் இரண்டையும் தாண்டிக் குதித்து மூன்றாவதில் போய் விழுவதால்தான், இடமதிப்பு என்பது பல குழந்தைகளுக்கு வெறும் சொல்லாக நின்றுவிடுகிறது.

சத்துணவுக் கூடம் உள்ள எந்தப் பள்ளியிலும் முட்டை அட்டைகள் சேர்ந்துகொண்டே இருக்கும். ஓர் அட்டையில் ஆறு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி, ஆக 30 குழிகள். இரண்டிரண்டு வரிசையாக வெட்டினால் பத்துக் குழிகள் கொண்ட மூன்று சட்டகங்கள் கிடைக்கும். நான்கு அட்டைகளை வெட்டினால் 12 சட்டகங்கள். 96ஐ வைத்துப் பார்க்க இது போதும். ஒன்பது சட்டகங்களில் குழிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டையை நிரப்பி, பத்தாவதில் ஆறு கொட்டைகளை மட்டும் போடச் சொல்லுங்கள். இப்போது 18ஐ எடுக்க வேண்டும். ஒரு முழுச் சட்டகத்தை அப்படியே எடுத்து அப்பால் வைத்தால் பத்து போயிற்று. இன்னும் எட்டு. தனியாக இருப்பவை ஆறுதான்; அவற்றை எடுத்துவிட்டு, மீதி இரண்டுக்காகக் குழந்தை ஒரு முழுச் சட்டகத்தில் கை வைத்தே ஆக வேண்டும். எஞ்சுவது ஏழு முழுச் சட்டகங்களும் எட்டுக் கொட்டைகளும். இந்த முறையில் யாருக்கும் 82 வந்து நான் பார்த்ததில்லை. இல்லாத இரண்டு கொட்டைகளுக்காகக் கை தானாகவே அடுத்த சட்டகத்தைத் தேடிப் போகிறது. 'கடன் வாங்குவது' என்று நாம் வாயால் சொல்லி வந்தது என்ன என்பதை அந்தக் கை கண்டுபிடித்துவிடுகிறது.

சில நாட்கள் கழித்துக் கொட்டைகளுக்குப் பதில் நோட்டில் சட்டகங்களையும் புள்ளிகளையும் வரையலாம். அதன் பக்கத்திலேயே எண்களை எழுதலாம். கொட்டைகளை அவசரப்பட்டுப் பிடுங்கிவிடக் கூடாது. அவற்றிலேயே ஆண்டு முழுதும் நிறுத்தியும் வைக்கக் கூடாது. வயதையும் பார்க்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் முன் புளியங்கொட்டையை வைத்தால், தன்னைச் சின்னப் பிள்ளையாக நடத்துகிறார்கள் என்று மனம் நொந்துவிடும். அவனுக்குப் பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய்க் காசுகளும் அதே வேலையைச் செய்யும்; அவற்றைக் கையில் வைத்திருப்பதில் அவனுக்கு வெட்கமும் இராது.

எண்கோடு என்பதையும் இப்படிக் கைக்கும் காலுக்கும் கொண்டுவரலாம். ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு அதை விளக்கவே வேண்டியதில்லை. சேலம் அடிவாரத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. பேருந்து ஏறினால் கூட்டல், இறங்கினால் கழித்தல். "பதின்மூன்றாம் வளைவில் நிற்கிறோம், இருபதுக்கு இன்னும் எத்தனை?" என்று கேட்டால் சில பிள்ளைகள் நிற்கும் வளைவையும் சேர்த்து எண்ணி எட்டு என்பார்கள். "நிற்கிற வளைவுக்குத்தான் வந்துவிட்டோமே" என்று பக்கத்துப் பிள்ளையே திருத்திவிடும். இதையே 20 முடிச்சுகள் போட்ட ஒரு கயிறாக்கி, பத்தாவது முடிச்சில் ஒரு துணியையும் கட்டிவிட்டால், பார்வையற்ற குழந்தையின் விரல்களுக்கும் அதே மலைப்பாதை கிடைத்துவிடுகிறது.

51உம், கணிதக் கற்றல் குறைபாடும்

51 எழுதிய பிள்ளை 96ஐ 69 என்று எழுதியிருந்தான். 69இல் 18 போக 51; அதில் தவறில்லை. இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவதைக் கண்டவுடன் ஒரு பெயரைச் சூட்டிவிடத் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம் என்று வலியுறுத்திச் சொல்கிறேன். பலகையைப் பார்த்து எழுதும் அவசரத்திலும், பார்வைக் குறைவாலும், வெறும் களைப்பாலும்கூட இது நேரலாம். ஒரு பிழையால் எதையும் முடிவு கட்ட முடியாது. பல வாரங்கள் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேதியோடு குறித்து வைப்பதே ஆசிரியரின் வேலை. மதிப்பீடு செய்வது அதற்கான பயிற்சி பெற்றவரின் வேலை.

டிஸ்கால்குலியா எனப்படும் கணிதக் கற்றல் குறைபாடு, இலக்கம் மாறுவதைவிட ஆழத்தில் இருக்கிறது. மேசையில் மூன்று புளியங்கொட்டைகள் கிடந்தால் நாம் எண்ணுவதில்லை. பார்த்தவுடன் மூன்று என்று தெரிகிறது. மூன்று, நான்கு வரையிலான அளவுகளை எண்ணாமலே கண்டறியும் திறன் மனிதர்களுக்கு இயல்பாக இருக்கிறது. இந்தக் குறைபாடு உள்ள பல குழந்தைகள் அவற்றையும் ஒன்றொன்றாக எண்ணுகிறார்கள். ஏழு பெரியதா ஒன்பது பெரியதா என்பதற்கும் நேரம் எடுக்கிறார்கள். நேற்றுத் தெரிந்த கூட்டல் இன்று அவர்களுக்குப் புதிதாகத் தோன்றுகிறது. இது அறிவுக் குறைவு அல்ல. அருமையாகக் கதை சொல்லும், படம் வரையும், ஆட்டத்தில் எல்லோரையும் முந்தும் குழந்தைக்கும் இது இருக்கலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. படிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் சிரமங்கள் அதில் அடங்கும். இதைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தாலே சில பெற்றோரின் முகம் தெளிவதைக் கண்டிருக்கிறேன். அதுவரை பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டி வந்தவர்கள் அவர்கள்.

சொல்லில் சிக்கிய கணக்கு

114 எழுதிய சிறுமி இரண்டு எண்களையும் கூட்டியிருந்தாள். அவள் காது கேட்கும் கருவி அணிபவள். கழிக்கத் தெரியாதா என்று பார்த்தால், கொட்டைகளை வைத்துச் செய்யச் சொன்னவுடன் செய்துவிட்டாள். 'நீங்கலாக' என்ற சொல் அவளுக்குத் தெரியாது. 'மணி' என்ற சொல் தெரியும், ஆனால் அது சுவரில் உள்ள கடிகாரத்தின் மணி. நேரமும் மணி, கோயிலில் அடிப்பதும் மணி, கொலுசில் கோப்பதும் மணி. கேட்டுக் கேட்டே மற்ற பிள்ளைகள் இந்தப் பொருள்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கேட்கும் வாய்ப்புக் குறைந்த குழந்தைக்கு அவற்றை நாம்தான் காட்டித் தர வேண்டும். ஒரு பழைய கொலுசைக் கொண்டுவந்து, மணிகளைக் கழற்றிக் காட்டிய பிறகு அந்தக் கணக்கில் அவளுக்கு ஐயம் எதுவும் இருக்கவில்லை.

ஆசிரியரின் உடல் திரும்பியிருக்கும் திசையும் இங்கே முக்கியம். பலகையைப் பார்த்தபடி எழுதிக்கொண்டே பேசுவது நம் எல்லோருக்கும் பழக்கம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் குழந்தைக்கு அந்த நேரம் முழுதும் பாடம் நின்றுவிடுகிறது. எழுதி முடித்து, திரும்பி நின்று, பிறகு பேச வேண்டும். அப்போதும் உதடு எல்லாவற்றையும் காட்டுவதில்லை. 'ப', 'ம' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரி மூடுவதால் 'பணம்', 'மணம்' ஆகியவை பார்வைக்கு ஒன்றே. ஆகவே முக்கியமான சொல்லையும் எண்ணையும் பலகையிலும் எழுதிவிட வேண்டும்.

சொல்லின் சுமை காது கேளாத குழந்தைகளுக்கு மட்டும் உரியதல்ல. சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், கேரளத்து மலையாளிகளோடு தொடர்பில்லாத தனிச் சமூகத்தினர். தமிழின் ஒரு தனி வழக்கைப் பேசுபவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பாடநூலின் எழுத்துத் தமிழ் ஓரளவு வேற்றுமொழிதான். பிழைப்புக்காக வட மாநிலங்களிலிருந்து சேலத்துக்கு வந்தவர்களின் பிள்ளைகளுக்கோ முழுக்கவே வேற்றுமொழி. கேள்வியை முதலில் நடித்துக் காட்டுவதும், குழந்தை தன் சொந்தச் சொல்லில் அதைத் திருப்பிச் சொல்லக் கேட்பதும், கணக்கைத் தொடும் முன்னரே பாதி வேலையை முடித்துவிடுகின்றன.

வெறுமையான இடம்

விடை எழுதாத நோட்டின் உரிமையாளனிடம் போய் மெல்லக் கேட்டேன். "எழுவத்தெட்டு" என்றான், ஒரு நொடியும் யோசிக்காமல். மனக்கணக்கில் அவன் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரன். அவன் விரல்கள் பென்சிலோடு போராடுகின்றன. கேள்வியை எழுதி முடிப்பதற்குள் கையும் சோர்ந்துவிடுகிறது, நேரமும் போய்விடுகிறது. கேள்வியை அச்சிட்ட துண்டுத் தாளாகக் கொடுத்து ஒட்டிக்கொள்ளச் சொல்வது, பத்துக் கணக்குக்குப் பதில் நான்கை மட்டும் கொடுப்பது, விடையை வாயால் சொல்லவோ எண் அட்டைகளை எடுத்து வைத்துக் காட்டவோ விடுவது ஆகியவை அவனுக்குப் போதும். பத்துக் கணக்கில் தெரியாதது நான்கில் தெரிந்துவிடும்.

பார்வையற்ற குழந்தைக்குக் கணக்கு ஆகாது என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையற்ற ஆபிரகாம் நெமெத் என்ற அமெரிக்கர் கணிதப் பேராசிரியராக வாழ்ந்தவர். கூட்டல் குறி முதல் உயர்கணிதக் குறியீடுகள் வரை பிரெயில் புள்ளிகளில் எழுத 1952இல் ஒரு முறையை வகுத்தவர். தொடக்க வகுப்புகளுக்கு டெய்லர் சட்டம் என்ற பழைய கருவி இன்றும் பயனுள்ளது. எட்டு மூலைகள் கொண்ட துளைகளில் சிறு உலோகக் கட்டைகளைச் செருகித் திருப்பினால், திரும்பிய திசையைக் கொண்டு விரல் எண்ணைப் படித்துவிடும். 1960களில் வந்த கிரான்மர் மணிச்சட்டத்தில், விரல் பட்டு மணிகள் நழுவாதபடி அடியில் மெத்தென்ற தளம் இருக்கிறது. இவை கைவசம் இல்லாத வீட்டில் பல்லாங்குழி இருக்கும். குழிக்கு ஒன்றாகச் சோழி போட்டுக்கொண்டே போவது, எண்ணுதலின் முதல் விதியாகிய ஒன்றுக்கு ஒன்று என்பதை விரலுக்குக் கற்றுத்தரும் அருமையான பயிற்சி.

பின்னங்களுக்கு அடுப்படி போதும். அரை, கால், அரைக்கால் என்று 8இல் 1 வரை தமிழில் சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. ஒரு படி தண்ணீரில் நான்கு உழக்கு, ஓர் உழக்கில் இரண்டு ஆழாக்கு. ஆக ஆழாக்கு என்பது அரைக்கால் படி. ஊற்றும்போது கை எடையை உணர்கிறது, காது நிரம்பும் ஓசையைக் கேட்கிறது. கண் இதில் எங்கும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆசிரியர் மாற்றிக்கொள்ள வேண்டியது ஒரு பேச்சுப் பழக்கம். பலகையைக் குச்சியால் தொட்டு, "இதையும் இதையும் கூட்டினால் இது" என்று சொன்னால் பார்வையற்ற பிள்ளைக்கு அதில் ஒன்றுமே இல்லை. "ஒன்றுகளின் இடத்தில் உள்ள ஆறையும் எட்டையும்" என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். நிறத்திலும் இதே கவனம் தேவை. 'சிவந்த காப்பிப் பழங்களை மட்டும் எண்ணுக' என்ற படம் மலைப் பிள்ளைகளுக்கு மனத்துக்கு நெருக்கமானதுதான். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத குழந்தை எந்தப் பழத்தை எண்ணும்? பழுத்தவற்றின் மேல் ஒரு சிறு கோடு போட்டுவிட்டால் தீர்ந்தது.

வேகம், அச்சம், வாய்ப்பாடு

வகுப்பில் எழுந்து நின்று எல்லோர் முன்னிலையிலும் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொல்வது பல குழந்தைகளுக்கு அச்சத்தையே கற்றுத்தருகிறது. அச்சம் மனத்தின் இடத்தை அடைத்துக்கொண்டால் கணக்குக்கு இடம் இராது. வாய்ப்பாட்டைப் பாடிப் பழகுவதை நான் குறை சொல்லவில்லை. தாளத்தோடு எல்லோரும் சேர்ந்து சொல்வது நினைவுக்கு நல்ல துணை. ஆனால் டிஸ்கால்குலியா உள்ள குழந்தைக்கு அது நிற்காது. சுவரில் வாய்ப்பாட்டை எழுதி வைத்து, வேண்டும்போது பார்த்துக்கொள்ள விடுங்கள். ஏழாறு நாற்பத்திரண்டு என்பதை நினைவில் வைத்திருப்பது ஒரு திறன். எங்கே பெருக்க வேண்டும் என்று அறிவது வேறொரு திறன். முதலாவது இல்லை என்பதற்காக இரண்டாவதைக் கற்கவிடாமல் தடுப்பது நியாயமில்லை.

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிக்கிறது. ஒரே வகுப்பில் எல்லோரும் ஒரே இடத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு என்ற வகையில் அதை வரவேற்கிறேன். ஆனால் அரும்பு என்பது அந்த மாதம் அந்தத் திறனில் குழந்தை நிற்கும் இடமே தவிர, குழந்தையின் பெயர் அல்ல. கூட்டலில் அரும்பாக இருப்பவன் வடிவங்களில் மலராக இருக்கலாம். "இவன் அரும்பு சார்" என்று அறிமுகம் செய்யும் பழக்கம் எங்கேயாவது தலைகாட்டினால் அதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

தனியாகச் சமாளிக்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். பள்ளிக்கு வர முடியாத குழந்தைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு. உரிய சான்று பெற்ற மாணவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் முதலிய சலுகைகள் கிடைக்கும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல், தேதியோடு குறித்து வைத்த அந்தப் பிழைப் பட்டியலை எடுத்துக்கொண்டு தொடக்க வகுப்பிலேயே சிறப்புப் பயிற்றுநரைப் போய்ப் பாருங்கள்.

இரண்டு வாரங்கள் கழித்து அதே கொலுசுக் கணக்கை மறுபடியும் கொடுத்தேன். கேள்வி பலகையிலும் இருந்தது, துண்டுத் தாளில் பெரிய எழுத்திலும் இருந்தது. 'நீங்கலாக' என்பதற்குப் பதில் 'மணிகளைக் கழற்றிவிட்டால்' என்று எழுதியிருந்தேன். மேசையில் கொலுசும், வெட்டிய முட்டை அட்டைகளும், கொட்டைகளும் இருந்தன. யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம். கணக்கு மட்டும் மாறவில்லை: 96இல் 18 போக. முதல் 88ஐ எழுதியவன் 9ஐ அடித்து மேலே 8 என்று எழுதினான். 82க்குச் சொந்தக்காரி சட்டகங்களை எடுத்துப் போய்த் தரையில் பரப்பினாள். நோட்டை வெறுமையாக விட்டவன் என் காதருகே வந்து விடையைச் சொல்லிவிட்டு, எண் அட்டைகளை எடுத்து வைத்தான். 51 எழுதியவன் இன்னமும் 69 என்றுதான் எழுதுகிறான். அவனுடைய நோட்டுகளைத் தேதி வரிசையில் சேர்த்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த வாரம் சிறப்புப் பயிற்றுநர் வருகிறார். நூற்றாறு என்று எழுதிய சிறுமி, உதடு அசைய "ஒன்பது பத்து, ஆறு" என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டு, பிறகு 96 என்று எழுதினாள்.